உடும்பாரின் மெட்டி

எங்கள் ஊரில் எதை அடித்தாலும் அதிலிருந்து ஏதாவது விழும். காட்டுப்பன்றியை அடித்தால் ஒரு ஜோடி செருப்பு. பெருச்சாளியை அடித்தால் கைக்குட்டை, அதிர்ஷ்டம் இருந்தால் டார்ச் லைட். அடிபட்டுச் செத்தது சற்று நேரத்தில் பழைய இடத்திலேயே மறுபடி பிறந்துவிடும் என்பதால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. ஊரில் செருப்புக் கடைதான் கிடையாது.

கல்யாண மெட்டி, குளத்துமேட்டு உடும்பாரிடமிருந்து மட்டுமே விழும். மாட்டு வண்டி அளவு இருப்பார், மரியாதை தெரிந்தவர். மெட்டி இல்லாமல் எங்கள் ஊரில் தாலி ஏறாது. எனக்கும் தாரணிக்கும் நிச்சயம் ஆனதும், வழக்கப்படி முதல் பத்திரிகையை அவருக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு அடிக்க ஆரம்பித்தோம். தாரணியின் அப்பா சென்னியப்பன் மாமா முன்னால் நின்று வாலடி வாங்கினார். அத்தை பின்னாலிருந்து சுக்குக் காப்பி கொடுத்து அவரைத் தேற்றிக்கொண்டே இருந்தார். நானும் தாரணியும் பக்கவாட்டில் அடித்தோம். அவளுக்குக் கை நல்ல வேகம். எனக்கு அதில் அப்போதே பெருமை.

மெட்டி விழுந்தது. விழுந்த பொருள் யாருக்குப் போகிறதோ அவர் உடம்போடு ஒட்டிவிடும், பிறகு கழற்ற முடியாது. அதனால் அடித்தவர்களிடம் வேண்டுமா வேண்டாமா என்று ஆளுக்கு ஒரு தடவை கேட்பார்கள். எல்லோரும் வேண்டாம் என்றால் பொருள் மறைந்துவிடும். எங்கள் சனத்துக்கோ, கேட்டவுடனே வேண்டும் என்று சொல்லிப் பழக்கமில்லை.

மாமா கேட்டார்.

"எனக்கெதுக்குங்கப்பா, வேண்டாம்" என்றாள் தாரணி.

"நமக்கென்னங்க, வேண்டாம்" என்றார் அத்தை.

மாப்பிள்ளை முந்திக்கொள்வது அழகல்ல. நானும் வேண்டாம் என்றேன்.

"இப்படி ஆளாளுக்கு வேண்டாம்னா வீணாப் போயிருமில்ல? சரி, எனக்கு வேணும்" என்றார் மாமா.

மெட்டி அவர் கால்விரல்களில் ஏறி உட்கார்ந்தது. பொருத்தமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு முகூர்த்த நாள்வரை உடும்பாரை அடித்துக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு தடவையும் குடைதான் விழுந்தது. வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் குடை.

கல்யாணத்தன்று உடும்பார் பத்திரிகையோடு மண்டபத்துக்கு வந்தார். முதல் பந்தியில் உட்கார்ந்து இட்லியும் கேசரியும் சாப்பிட்டார். மணமேடைக்கு வந்து எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னுமா விழுகல? இங்கயே ஒரு தடவ அடிச்சுப் பாருங்க. நல்ல நேரத்துல விழுந்தாலும் விழும்" என்று சொல்லி, ஹோமத்துக்குப் பக்கத்தில் சௌகரியமாகப் படுத்துக்கொண்டார்.

முகூர்த்தம் முடிய அதிக நேரமில்லை. நான் கங்கணம் கட்டி மணையில் உட்கார்ந்துவிட்டதால் எழுந்திருக்கக் கூடாது. தாரணி பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குத்துவிளக்கை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, தனியாகவே அடித்தாள். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராக இருந்தார்.

மெட்டி விழுந்தது.

வீடியோக்காரர் அவள் வாயருகே மைக்கை நீட்டினார். மண்டபம் முழுக்க பெரியவர்கள். எல்லோரும் மணப்பெண் தலைகுனிந்து வேண்டாம் என்று சொல்வதைக் கேட்க ஆசையாகக் காத்திருந்தார்கள். என் பெரியம்மா முன்கூட்டியே "அடக்கமான பொண்ணு" என்று சொல்லிவிட்டார்.

"வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டார் மாமா.

தாரணி நிமிர்ந்தாள்.

"எனக்கு வேணும்" என்றாள். அப்புறம் என்னைக் காட்டி, "இவரும் வேணும்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன். மெட்டி அவள் விரல்களில் ஏறியது. மேளம் கொட்ட, தாலி கட்டினேன். பெரியம்மாகூட அட்சதை போட்டார்.

இரண்டாம் பந்தி ஆரம்பிக்கும்போது உடும்பார் குளத்துமேட்டில் மறுபடி பிறந்து, மினி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். மாமா மெட்டி ஒலிக்க நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

"நீங்க முதல் பந்தியிலயே சாப்பிட்டீங்களேங்க" என்றார் பரிமாறுகிறவர்.

"அது போன பிறவியில" என்றார் உடும்பார்.

இலை போட்டார்கள்.