பியானோ இருந்த பக்கம்

ஆறு மாதமாகத் தாட்சாயினி விளங்காத ஜெர்மன் பாட்டுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கியிருந்தாள். முரசுமோட்டையிலிருந்து கிளிநொச்சிக்குப் பயிற்சிக்குப் போய்வருவதை வீட்டில் ஒருவரும் தடுக்கவில்லை. கொழும்பிலிருந்து பெரிய இசைக்குழு வருகிறது. முதலில் ஒரு சிம்பனி, பிறகு அந்த இசைக்குழுவோடும் பியானோவோடும் அவளுடைய உள்ளூர்க் குழுவின் சேர்ந்திசை. பழக்கியவர் சுமித்திரா ரீச்சர்.

கச்சேரி நாள் காலை, கடைசி ஒத்திகை. மேடை நடுவில் பியானோ. தாட்சாயினியின் வரிசைக்கு வலது ஓரத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். அங்கே நின்றால் பியானோ இடப்பக்கம். கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்த நாளிலிருந்து அவளுடைய இடது காது கேட்பதில்லை. குழுவில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்தால் வேண்டாம் என்பார்களோ என்ற பயம்.

பாட்டு தொடங்கும் இடத்தில் அவள் பிந்திவிட்டாள். இரண்டாம் தரமும் அப்படியே. இசைக்குழுவை நடத்தும் நெறியாளர் கையை இறக்கினார்.

"ஆரோ பிந்தி எடுக்கினம்," என்றார் ரீச்சர்.

மூன்றாம் தரம் தாட்சாயினி சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தாள். நெறியாளர் திருப்தியோடு தலையாட்டினார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தேத்தண்ணி இடைவேளையில் ரீச்சரிடம் போனாள்.

"ரீச்சர், பிந்தினது நான்தான். எனக்கு இடது காது கேக்காது. இப்ப நான் பாடவேயில்லை, சும்மா வாயை அசைச்சனான்."

ரீச்சர் அவளைப் பார்த்தார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

நெறியாளரிடம் ரீச்சர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவர் உடனே அவளது வரிசையை முழுவதுமாக இடது ஓரத்துக்கு மாற்றச் சொன்னார். உட்காரும் வாங்குகளை இழுத்து ஆட்கள் இடம் மாறுவதற்குள் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். பிறகு பியானோ ஒலித்தது. வலது காதில், தெளிவாக.

மாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. சிம்பனியின்போது அவள் கணவன் தயாபரனோடு கீழே இருந்தாள். முதல் பகுதி முடிய எல்லோரும் கைதட்டினார்கள்.

"முடிஞ்சுதோ?" என்றான் அவன்.

"இல்லையப்பா, இன்னும் மூண்டு பகுதி கிடக்கு."

மெதுவான பகுதியில் வயலின்கள் இறங்கி இறங்கிப் போக, அவள் தலையைச் சற்றே திருப்பி, கண்ணை மூடிக் கேட்டாள். பக்கத்தில் மெல்லிய குறட்டை.

அடுத்தது சேர்ந்திசைக் குழுவின் முறை; அவள் மேடையேறித் தன் வரிசையில் அமர்ந்தாள். நெடுநேரம் பியானோ தனியே பேசியது. பிறகு வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பாடுபவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நெறியாளரின் கை உயர்ந்தது. தாட்சாயினி மூச்சை இழுத்து, சரியான இடத்தில், முழுக் குரலில் எடுத்தாள். தன் குரல் எது, மற்றவர்களின் குரல் எது என்று பிரித்தறிய முடியவில்லை. பிரிக்கத் தோன்றவுமில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், கரடிப்போக்குச் சந்திக் கடையில் தேத்தண்ணி குடித்தார்கள்.

"முதல் பாட்டிலை நித்திரை கொண்டிட்டன்," என்றான் தயாபரன்.

"தெரியும். குறட்டை விட்டனீங்கள்."

"உங்கட பாட்டிலை நான் நித்திரை கொள்ளேல்லை, என்ன?"

"நான் எங்கை பாத்தனான்?" என்று அவள் சிரித்தாள். "எனக்கு நெறியாளரின்ரை கையைப் பாக்கவே நேரம் காணேல்லை."