அமுக்காதேன்னு சொன்னவன்

நிறுத்தி வைத்திருந்த சரக்கு விமானத்தின் விமானி அறையில் நான் தனியாக உட்கார்ந்து சோதனை பார்த்துக்கொண்டிருந்தபோது மணி அலறியது. பின்பக்கச் சரக்கறையில் தீ என்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது. எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. பைத்தியம் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.

அங்கே தீ இல்லை என்று எனக்குத் தெரியும். தண்ணீர் சொட்டச் சொட்டப் பூப்பெட்டிகள் ஏறியதைக் கண்ணால் பார்த்திருந்தேன். அடைத்த அறையில் ஈரம் ஆவியாக எழும்பினால் புகை பார்க்கும் கருவி ஏமாந்துபோகும். அதனால்தான் ஈரச் சரக்கு என்றால் ஏற்றும் அதிகாரி மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லவேண்டும், கதவைத் திறந்துவைத்துக் காற்றாட விடுவோம். எங்கள் ஏற்றும் அதிகாரி சொல்லமாட்டான். காற்றாட விட்டால் நேரம் போய்விடுமாம்.

அவனுக்கு ஊழியர்கள் வைத்த பேர் சர்க்கரை. நோயால் வந்த பேர் இல்லை, நாக்கால் வந்தது.

போன வருஷம் இதே இருக்கையில் என் தம்பி இருந்தான். அவனும் மெக்கானிக். இதே மணி அடித்தது. சர்க்கரை ஓடிவந்து, "அமுக்காதே தம்பி, வெறும் ஈரம், நான் பாத்துக்கறேன்" என்றான். தம்பி நம்பி அமுக்காமல் விட்டான். விளக்கு எரிந்தால் பொத்தானை அமுக்கித் தீயணைப்பு வாயுவைத் திறந்துவிட்டு இறங்கவேண்டும் என்பது விதி. விசாரணையில் சர்க்கரை, "நான் ஒண்ணுமே சொல்லல சார், பையன் அலட்சியமா இருந்துட்டான்" என்று கையை விரித்தான். தம்பிக்கு வேலை போனது, பேசி முடித்த கல்யாணமும் நின்றது. இன்றைக்கும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கிடக்கிறான். அம்மா சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள்.

சரக்கறையில் ஆள் யாரும் இல்லையே என்று கீழே கேட்டு உறுதி செய்துகொண்டேன். தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டேன். அதற்குள் சர்க்கரை மூச்சு வாங்கப் படியேறி வந்துவிட்டான்.

"அமுக்காதீங்கம்மா! வெறும் பூ, ஈரம். நான் பாத்துக்கறேன்."

"அப்படியா சார்?" என்று சிரித்தேன். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அமுக்கினேன். பொறுமையாக, ருசித்து அமுக்கினேன்.

வாயு பாட்டில் காலியானது. புதுப் பாட்டில் வரும்வரை விமானம் நகராது. தீயணைப்புக்காரர்கள் வெளியே நின்று சூடு பார்த்து, பிறகு கதவைத் திறந்தார்கள். ஈரம்தான். பெட்டிகளை இறக்கி வெயிலில் அடுக்கினார்கள். பூ வாடுவதைப் பார்த்து அவ்வளவு நிம்மதியாக நான் நின்றதே இல்லை.

மதியமே விசாரணை. மேலதிகாரி நேராகக் கேட்டார். "ஈரச் சரக்குன்னு மெக்கானிக்குக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். ஓடிப்போய்ச் சொன்னேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். பச்சைக்குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். "ஒண்ணுமே சொல்லல சார்."

சர்க்கரையின் முகம் இருண்டது. அவனுடைய பொய்யையே எடுத்து அவன் தலையில் போட்டிருக்கிறேன், அது அவனுக்கும் புரிந்தது. மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"பொய் சார்! வாய் கூசாம பொய் சொல்றா! இவ தம்பிகிட்டயும் இதையேதான் சொன்னேன், அவன் கேட்டான்! அமுக்காதேன்னேன், அமுக்காம இருந்தான்! இவளுக்கு மட்டும் என்ன கேடு?"

அதிகாரி மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "அவன்கிட்ட ஒண்ணுமே சொல்லலன்னு போன வருஷம் இதே அறையிலதானே சொன்னீங்க?"

சர்க்கரை உட்கார நாற்காலியைத் தேடினான்.

"இப்பதான் ஞாபகம் வருது சார்," என்றேன். "இன்னைக்கும் சொன்னார். அன்னைக்கும் சொன்னார்."

நான் புளுகியதற்கு என்ன தண்டனை என்று அதிகாரி பிறகு சொல்வதாகச் சொன்னார். தாராளமாகச் சொல்லட்டும். தம்பியின் போன் நம்பரைக் கேட்டார், மனப்பாடமாகச் சொன்னேன். சர்க்கரை வறண்ட குரலில் தண்ணீர் கேட்டான். பாட்டில் என் கைப்பக்கம்தான் இருந்தது. நான் எடுத்துக் குடித்தேன்.