முக்காலிக்குப் பின்னால் ஒரு திரை

பிரார்த்தனைக் கூடத்தில் புதிதாகத் திரை மாட்டிய அன்றைக்கே புருவக்காரர் அதில் ஓடிய ஒரு வரியை வாசித்துத் தொலைத்தார். வாசிக்காமல் இருந்திருக்கலாம்தான். ஆனால் கண்ணுக்கு நேரே எழுத்து ஓடினால் எந்த மனிதன் வாசிக்காமல் இருப்பான்? அதிலும் காது கேளாத மனிதன். வந்து சேருவதெல்லாம் கண் வழியாகத்தான் என்று ஆகிவிட்ட பிறகு, எதைப் பார்ப்பது எதை விடுவது என்று கண்ணுக்கு யார் கட்டளை போட முடியும்?

புருவக்காரர் என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. கையால் பேசுகிறவர்களுக்கு ஆளுக்கொரு சைகைப் பெயர் உண்டு. இடது புருவத்தை ஒரு விரலால் தடவிக் காட்டினால் அது அவர். கன்னத்தில் விரல் நுனியை வைத்துத் திருகினால் அவருடைய மனைவி, கன்னக்குழி. மோவாயை நீவிக் காட்டினால் கூடத்தில் வாராவாரம் உரை நிகழ்த்தும் பெரியவர். தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அந்த மனிதருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நீவுவதையாவது நிறுத்தியிருப்பார்.

கன்னக்குழிக்கு நன்றாகக் காது கேட்கும். அவளைப் பெற்றவர்கள் இருவருக்கும் கேட்காது என்பதால் வாய் பேசுவதற்கு முன்பே அவளுக்குக் கை பேச வந்துவிட்டது. கூடத்தில் மேடைக்கு இடது பக்கம் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் ஏறி நின்று, பெரியவர் பேசுவதைக் காது கேளாதவர்களின் வரிசைக்குக் கையால் சொல்வது அவள் வேலை. இருபது வருடத்துக்குப் பக்கமாக அவள்தான் சொல்கிறாள். அந்த வரிசைக்குக் கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவர் அவளுடைய பத்து விரல்களுக்குள்தான் குடியிருந்தார்.

திரையை யாரோ நன்கொடையாகக் கொடுத்திருந்தார்கள். பேசப் பேசத் தானே எழுத்தாக்கிக் காட்டுமாம். ஆணி அடிக்க வசதியான சுவர் முக்காலிக்குப் பின்னால்தான் இருந்தது என்பதால் அங்கேயே மாட்டிவிட்டார்கள். முன்னால் கன்னக்குழியின் கை, அவள் தலைக்கு மேலே எழுத்து. அவளால் மட்டும் அதைப் பார்க்க முடியாது. பெரியவர் இருமியதைக்கூடத் திரை ஒரு சொல்லாக எழுதியபோது வரிசையே குலுங்கிச் சிரித்தது. என்ன சிரிப்பு என்று புரியாமல் முக்காலியில் நின்ற அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அந்த மாதம் முழுக்க மரணம்தான் பொருள். கன்னக்குழியின் கை சொல்லியது: "சாவு வந்த வீட்டுக்குக் கடவுள் கதவைத் தட்டாம வருவார். ஏன், எப்படின்னு எதுவும் கேக்க மாட்டார். பக்கத்துல வந்து உக்காருவார்." புருவக்காரருக்கு மனப்பாடமான வாசகம். கோயில் மணியைக் கேட்டவன் போல நெஞ்சு நிறைந்து நிமிர்ந்தபோது மேலே எழுத்து ஓடியது: 'சாவு ஒரு வீட்டுக்குச் சும்மா வருவதில்லை. அந்த வீட்டில் யாரோ செய்த பிழைக்குப் பதிலாகவே வருகிறது.'

பக்கத்தில் இருந்த தையல்காரி, ஊசி என்று பெயர் வாங்கியவள், அவரை முழங்கையால் இடித்தாள். போன மாதம்தான் புருஷனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தவள். "மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்று கைகாட்டிவிட்டுத் திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள். அவருக்கும் அப்படி நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டும் இயந்திரத்தோடு காலம் தள்ளுகிறவர் அவர். மற்றவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு புலம்பும் இடத்தில் சொந்த வீட்டுக் கூடம்போல உலாவுவார். தரையின் அதிர்வை உள்ளங்காலில் வாங்கியே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இயந்திரம் தவறு செய்தால் ஒரு சொல்லில் செய்யும், இரண்டு சொல்லில் செய்யும். முழு உரைக்கும் எதிர் உரை எழுத அதற்குத் தெரியாது. அவர் உரை முடியும்வரை மேலேயும் கீழேயுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஓரிடத்தில்கூடச் சேரவில்லை.

அந்த வாசகத்தை அவர் முதன்முதலில் பார்த்தது மகன் போன பிறகு. நடக்கப் பழகியிருந்த பையன். அன்று கன்னக்குழி வேலைக்குப் போயிருந்தாள். பையனுக்கு லேசான காய்ச்சல். தூங்க வைத்துவிட்டு அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தபோது பையனின் வாய் திறந்திருந்தது. கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடாக இருந்தது. எவ்வளவு நேரம் அழுதான் என்று யாருக்கும் தெரியாது. மருத்துவமனை நடைவழியில் டாக்டர் நின்று பேசினார். கன்னக்குழி கேட்டுக்கொண்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "முன்னாடியே கொண்டுவந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம்" என்றாள்.

அது போதவில்லை. சாப்பிடப் பிடிக்காமல், யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல், ஆலையில் வெட்டுக்கத்தி இறங்கும் இடத்தையே வெறித்துக்கொண்டிருந்தவரைத்தான் அவள் கூடத்துக்கு இழுத்துப் போனாள். கதவைத் தட்டாமல் வரும் கடவுள். கதவைத் தட்டினால் கேட்காத வீட்டுக்கென்றே வரும் கடவுள். அன்று அவர் வரிசையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். சத்தம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. கூடமே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அவர் மனிதராக நடமாடியது அந்த வாசகத்தின் தயவில்தான்.

இப்போதுதான் உறைத்தது. காது கேட்கிற எந்தப் பெரியவர் கதவைத் தட்டினால் கேட்காத வீட்டைப் பற்றி யோசிப்பார்? கன்னக்குழிதான் அதை இவருக்கென்று அளவெடுத்துத் தைத்திருக்கிறாள்.

மதியம் வீட்டுக்கு வந்து, சமையலறை விளக்கை இருமுறை அணைத்துப் போட்டார். அந்த வீட்டில் ஆளைக் கூப்பிடும் முறை அது. கன்னக்குழி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினாள், கை நுரைக்குள்ளேயே இருந்தது.

"திரையில வந்ததைப் படிச்சேன்."

அவள் ஒரு தட்டை எடுத்துக் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். கை ஈரமாக இருக்கும்வரை பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் எட்டிக் குழாயை மூடித் துண்டை நீட்டினார். விரல் விரலாகத் துடைத்துக்கொண்டாள்.

"நான் கூடத்துக்கு வந்த முதல் நாளும் அவர் அதைத்தான் சொன்னாரா?"

"அதைவிட மோசமா சொன்னார். நீங்க என் கையைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க. கத்தியைப் பார்த்த அதே கண்ணு. என்னால அதைச் சொல்ல முடியல."

"அன்னிக்குச் சரி. அடுத்த வாரம்? அதுக்கடுத்த வாரம்?"

"ஒரு தடவை ஆரம்பிச்சா எங்க நிறுத்தறது? எல்லாரும் என் கையைத்தானே பார்க்கறாங்க."

"அப்போ நீ எதை நம்பின?"

"கையால சொல்றப்ப அதை நம்பினேன். முக்காலியை விட்டு இறங்கினா காதுல அவர்தான் இருப்பார்."

இத்தனை வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கும்பிட்டார்களே, இருவரும் கும்பிட்டது ஒரே ஆளை இல்லை. ஏமாற்றியவள் வேறு யாராவது என்றால் திட்டிவிட்டுப் போகலாம். இவள் ஏமாற்றியதில் அவர் உயிரோடு இருக்கிறார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் ஆத்திரம் வந்தால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அப்பாவும் அம்மாவும் கை வீசிப் பேசும் நிழலைப் பார்த்துவிட்டு மகள் வந்தாள். கல்லூரியில் இலக்கியம் படிக்கிறவள். சங்கதி தெரிந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைக் கையால் விளக்கத் தொடங்கினாள்.

"மோவாய் மட்டும் மூலத்தையா சொல்றார்? யாரோ எப்பவோ சொன்னது. இன்னொருத்தர் எழுதினது. வேற யாரோ மொழிபெயர்த்தது. அதை அவர் தன் சௌகரியத்துக்குச் சொல்றார். அடியில ஒரு அசல் இருக்குன்னு தோண்டிக்கிட்டே போனா இன்னொரு பிரதிதான் கிடைக்கும்ப்பா. எழுதினவர் செத்துட்டார்னு வெச்சுக்கிட்டுத்தான் நாங்க படிக்கவே ஆரம்பிப்போம்."

"யாரு, கடவுளா?"

"எழுதினவர்ப்பா. எழுதி முடிச்சதும் அர்த்தம் அவர்கிட்ட இல்ல, வாசிக்கிறவங்ககிட்ட. அம்மா ஒரு மாதிரி வாசிச்சாங்க, மோவாய் ஒரு மாதிரி வாசிக்கிறார். அம்மாவோடது பொய், அவரோடது உண்மைன்னு யார் தீர்ப்பு சொல்றது?"

பெண் கெட்டிக்காரி. அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அதை மென்று பார்த்தார். கசக்கவில்லை. பெரியவரின் கடவுளைவிட மனைவியின் கடவுள் நல்லவர். அவள் கைகளுக்குள் பிறந்தார் என்பதற்காக அவர் இல்லாமல் போய்விடுவாரா? எல்லாக் கடவுளும் யாரோ ஒருவர் சொல்லக் கேட்டு வந்தவர்தானே. ஆலையில் ஒரே அட்டையை மடிக்கிற விதத்தில் மருந்துப் பெட்டியும் ஆகிறது, இனிப்புப் பெட்டியும் ஆகிறது. இப்படியே போனால் சாயங்காலத்துக்குள் சமாதானம் ஆகிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் மருத்துவமனை நடைவழி ஞாபகம் வந்தது. டாக்டர் நெடுநேரம் பேசினார். அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒருமுறை இவரைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அவ்வளவு நீளப் பேச்சுக்குக் கன்னக்குழி சொன்னது ஒரே ஒரு வரி.

"டாக்டர் சொன்னது?" என்று கேட்டார்.

கன்னக்குழியின் முகம் வெளுத்தது. மகளுக்குப் புரியவில்லை.

"முன்னாடியே கொண்டுவந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு சொன்னியே. அது அவர் சொன்னதா, நீ வாசிச்சதா?"

"அவர் சொன்னதுதான்."

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு."

"அவர் சொன்னதுதாங்க. பையன் மேல ஆணை."

அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். நடுங்கவில்லை. விரல்கள் தெளிவாக, நிதானமாக, முக்காலிமேல் பேசும் அதே அழகோடு பேசின. அதுதான் பயமாக இருந்தது. மகள் பக்கம் திரும்பி, "இதுக்கும் அசல் கிடையாதா?" என்று கேட்டார். மகளின் கைகள் மடியில் விழுந்தன. அவளுடைய வகுப்பில் அதற்குப் பாடம் இல்லை.

எல்லாமே வாசிப்புதான் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பையன் அழுதது வாசிப்பு இல்லை. காப்பாற்றியிருக்க முடியும் அல்லது முடியாது. இரண்டில் ஒன்றுதான் நடந்தது. அது எது என்று தெரிந்த ஒரே ஆள் எதிரில் நிற்கிறாள், அவள் சொல்வதை நம்ப அவரால் முடியவில்லை. கடவுளைப் பறிகொடுத்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இதைத் தாங்க முடியவில்லை.

வாரம் முழுக்க அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையால் பேசும் வீட்டில் முகத்தைத் திருப்புவது கதவைச் சாத்துவதைவிடக் கொடுமை. அவள் எதிரில் வந்து நின்றால் கண்ணை மூடிக்கொள்வார். மகள் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய் அலுத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

கூடத்துக்குக் கிளம்பும்போது கன்னக்குழி வழியை மறித்து நின்றாள். "இன்னிக்கு எப்படிச் சொல்லட்டும்?"

முதல் தடவையாகக் கேட்கிறாள். இதை அன்றைக்கே கேட்டிருக்கலாமே.

"அவர் சொல்றதைச் சொல்லு" என்றார். உண்மையின்மேல் வந்த பக்தியினால் இல்லை. உண்மையைச் சொல்லும்போது அவள் கை எப்படி இருக்கும் என்று அவர் ஒருமுறை பார்த்தாக வேண்டும். அது தெரிந்துவிட்டால் மருத்துவமனையில் பார்த்ததோடு ஒத்துப் பார்த்துவிடலாம்.

பெரியவர் மோவாயை நீவிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். முக்காலிமேல் கன்னக்குழியின் கை எழுந்தது. "சாவு சும்மா வராது. அந்த வீட்டுல யாரோ செஞ்ச தப்புக்குத்தான் வரும்." தலைக்கு மேல் திரையும் அதையே எழுதியது. கையும் எழுத்தும் சேர்ந்துவிட்டன. அவர் உற்றுப் பார்த்தார். விரல்கள் தெளிவாக, நிதானமாக, அதே அழகோடு இருந்தன. எள்ளளவும் வித்தியாசம் இல்லை.

வரிசை விறைத்துப்போனது. ஊசி திரையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். ஒதுங்குவதற்கு இடமில்லை. அவள் மெல்லப் புருவக்காரர் பக்கம் திரும்பினாள். மடியோடு மடியாகக் கை அசைந்தது.

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

அவர் பதில் யோசிக்கவில்லை. முன் நாற்காலியின் முதுகு மறைக்க, அவர் கை தானாகவே எழுந்தது.

"இது உன் வீட்டைப் பத்தி இல்ல. அவர் இன்னும் முடிக்கல. உன் வீட்டுக்குக் கடவுள் கதவைத் தட்டாம வருவாராம். எதுவும் கேக்க மாட்டாராம். பக்கத்துல வந்து உக்காருவாராம்."

ஊசி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் மெதுவாகத் தளர்ந்தது. தலையை ஆட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நம்பிவிட்டாள்.

அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். நடுங்கவில்லை. நிமிர்ந்தபோது முக்காலிமேல் கன்னக்குழி பாதி வாசகத்தில் நின்றிருந்தாள். இரண்டு கையும் காற்றில் அப்படியே இருக்க, அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் கண்ணை மூடத் தோன்றவில்லை. அவள் தலைக்கு மேலே எழுத்துகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.