பிள்ளை தலையில் வைத்த கை

“யாரு மேல சத்தியம்?”

“மாதா மேல சத்தியம்.”

“மாதா பெரிய மனசுக்காரி, மன்னிச்சு விட்ருவா. புள்ள தலையில கைய வச்சுச் சொல்லு.”

“பச்ச மண்ணுங்க அது. அதை ஏன் இதுல இழுக்குறீக?”

“அப்பத்தான் நீ மீற மாட்ட. சொல்லு. அவ கையால பச்சத்தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன்னு சொல்லு.”

சந்தனமேரி சொன்னாள். அவள் மகள் மரிய செல்விக்கு அப்போது கழுத்து நிற்காத வயது. தலையில் கை வைத்தபோது உள்ளங்கைக்கு அடியில் உச்சிக்குழி மெல்லத் துடித்தது. வெளியே சந்தனமேரியின் தங்கை அடைக்கலமேரி, புதுத்தாலியோடும் புதுப் புருஷனோடும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கோயிலில் கை பிடிக்காமல், ஆண்டியப்பன் என்ற இந்துத் தையல்காரரைக் கட்டிக்கொண்டு ஆசீர்வாதம் வாங்க வந்திருந்தாள். சத்தியம் கேட்டவர் சந்தனமேரியின் புருஷன், ஊருக்கே செபம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார் மரியசூசை. அவர் வீட்டுக் கதவு அன்று திறக்கவில்லை. உள்ளே நடந்த பேச்சு அவ்வளவும் வாசலில் நின்றவளுக்குக் கேட்டது.

அந்தப் பேச்சுதான் இப்போது, அந்தப் பச்சை மண் வளர்ந்து பாவாடை தாவணி கட்டி நிற்கும் காலத்தில், புதுக்கோட்டைப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் வராந்தாவில் சந்தனமேரியின் காதுக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

ஆவூர்ப் பக்கத்தில் அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் புதுக்கோட்டைக்கு வந்து நாலாம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், சேர வேண்டும். குழந்தைசாமி வாத்தியார்தான் மே மாதமே விண்ணப்பம் வாங்கி வந்தார். பிறந்த தேதியைக் கோயில் ஞானஸ்நானப் பதிவில் பார்த்து எழுதினார். அங்க அடையாளத்துக்கு மச்சம் தேடி, இடது முழங்கையில் ஒன்றும் கழுத்தில் ஒன்றும் கண்டுபிடித்தார். அம்மை குத்திய சான்று, எட்டாவது தேறிய சான்று எல்லாவற்றையும் ஊசி நூல் போட்டுச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். பிறகு ஒரு நாள் வந்து இங்கிலீஷிலும் கணக்கிலும் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்தான் எமன். மரிய செல்வி மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுகூட “மை பாதர் இஸ் எ கேட்டகிஸ்ட்”, என் அப்பா உபதேசியார், என்று மாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தேறியவர்களின் பெயரைப் பலகையில் ஒட்டியபோது அவள் பெயரும் இருந்தது. அன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

பெயர் வந்தால் இடம் கிடைத்துவிட்டது என்றுதான் சந்தனமேரி நினைத்திருந்தாள். இன்றைக்குத்தான் தெரிந்தது, பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம் என்று.

தலைமையாசிரியை கோபக்காரர் அல்ல. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பொறுமையாகத்தான் சொன்னார்.

“போர்டிங்ல எடமில்லம்மா. ரெண்டு பிள்ளைக்கு ஒரு பாய்னு போட்டு வச்சிருக்கோம். வெளியூர்ப் பிள்ளைன்னா டவுன்ல ரத்த சம்பந்தமுள்ளவங்க வீட்ல தங்கணும். அவங்க நேர்ல வந்து, நான் கார்டியன்னு கையெழுத்துப் போடணும். யாராவது இருக்காங்களா?”

சந்தனமேரி வாயைத் திறப்பதற்குள் மரிய செல்வி, “சின்னம்மா இருக்காங்கம்மா” என்றாள்.

சந்தனமேரி மகளைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு இவளுக்கு எப்படித் தெரிந்தது?

“அப்ப அவங்களை இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. ஆபீஸ் மூடுற வரைக்கும் பாப்பேன். பெறகு அடுத்த பேருக்குக் குடுத்துருவேன். அங்க பாருங்க, எத்தனை பேர் காத்துக்கெடக்காங்கன்னு.”

வேப்பமரத்தடியில் அம்மாக்களும் பெண்களுமாகக் குந்தியிருந்தார்கள். இவர்களுக்கு இடமில்லை என்ற சேதி எப்போது வரும் என்று அவர்கள் காத்திருப்பதுபோல் சந்தனமேரிக்குப் பட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பங்குச் சாமியார் ஊருக்கு வரும் நாள் என்பதால் மரியசூசையால் இன்று கிளம்ப முடியவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது, “போர்டிங் கெடச்சாப் படிக்கட்டும். இல்லாட்டி அதுவும் ஆண்டவர் சித்தந்தான். சர்ட்டிபிகேட்டை வாங்கிட்டு வந்துருங்க” என்றார். ஆண்டவர் சித்தம் என்றால் என்னவென்று சந்தனமேரிக்குத் தெரியும். அவருடைய அக்காள் மகன் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறான். மரிய செல்வியைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவன். பொண்ணுக்குப் பரிசம் போட்டு வைத்துவிடலாம் என்று நாத்தனார் இரண்டு கிறிஸ்துமஸாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்தப் பள்ளிக்கூடம் ஒன்றைக் காட்டித்தான் சந்தனமேரி தள்ளி வந்தாள்.

தெருவில் இறங்கியதும் மகளைக் கேட்டாள்.

“சின்னம்மான்னு ஒருத்தி இருக்கான்னு யாரு சொன்னா ஒனக்கு?”

“நீதாம்மா. தூக்கத்துல ‘அடைக்கலம், அடைக்கலம்’னு பொலம்புவ. இன்னாசி அண்ணனைக் கேட்டேன்.”

இன்னாசி டவுனுக்கு முட்டை கொண்டுபோய் விற்கிறவன். அடைக்கலம் நாலாம் வீதியில் இருக்கிறாள், வாசலில் தையல் மிஷின் போட்டிருக்கிறது, பக்கத்தில் மாவு மில் என்று அவன் சொல்லும்போதெல்லாம் சந்தனமேரி அடுப்பை ஊதுவதுபோல் திரும்பிக்கொள்வாள். ஆனால் அடையாளங்கள் எல்லாம் மனப்பாடம். யாரையும் வழி கேட்காமல் நடந்தாள். ராஜா காலத்தில் கோடு போட்டதுபோல் அமைத்த தெருக்கள். எங்கும் மறைந்து நிற்க ஒரு முடுக்கு இல்லை. ஆவூர்ப் பக்கத்து ஆள் யாராவது எதிரே வந்துவிடுவானோ என்று ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்துப் பார்த்துப் பயந்தாள்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஈஸ்டரை ஒட்டி ஆவூரில் நடக்கும் பாஸ்காத் திருவிழாவில், செல்விக்கு ஐந்து வயதிருக்கும்போது, கூட்டத்தில் யாரோ முதுகைத் தொட்டார்கள். திரும்பினால் அடைக்கலம். கையிலிருந்த பானகச் சொம்பை மட்டும் நீட்டினாள். வெயில், நெரிசல், அத்தனை வருஷத்துத் தங்கை. சந்தனமேரி வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டாள். அன்று வீடு திரும்புவதற்குள் பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்து, கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது. மரியசூசை மண்டியிட்டுச் செபமாலை சொன்னார். மனைவியை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பிள்ளை பிழைத்தாள். ஆனால் அந்த ஒரு வாய்ப் பானகம் இன்னும் சந்தனமேரியின் தொண்டையில் இறங்காமல் நின்றுகொண்டிருந்தது.

மாவு மில் சத்தம் முதலில் வந்தது, பிறகு தையல் மிஷின் சத்தம்.

மிஷினில் இருந்த ஆண்டியப்பனுக்கு முன்பக்கம் நரைத்திருந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தவர், மிதியிலிருந்து காலை எடுத்தார்.

“வாங்க மதினி” என்றார். நேற்றுத்தான் வந்துபோனவளைக் கூப்பிடுவதுபோல. பிறகு உள்ளே பார்த்து, “இந்தா, யாரு வந்திருக்காகன்னு பாரு” என்றார்.

அடைக்கலம் ஈரக்கையோடு வந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி. அக்காளைப் பார்த்தாள், அக்காள் மகளைப் பார்த்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

“அப்பாவுக்கு ஏதாச்சுமா?”

“அப்பா நல்லா இருக்காக. யாருக்கும் ஒண்ணுமில்ல.”

அப்படியானால் எதற்கு வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. பாயை உதறிப் போட்டாள். அவள் பின்னாலிருந்து ஐந்தாறு வயதுப் பெண் ஒன்று எட்டிப் பார்த்தது. அழகி என்று பெயராம். அதற்கும் இடது முழங்கையில் ஒரு மச்சம் இருந்தது. சந்தனமேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடைக்கலம் உள்ளே போய் ஒரு செம்பும் டம்ளரும் கொண்டுவந்தாள். மரிய செல்வி டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்தாள். “இன்னொரு டம்ளர் சின்னம்மா” என்று நீட்டினாள். மகளின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபோது சந்தனமேரி பாயின் கோரையைப் பிய்த்தாள். சத்தியம் செய்தது நான்தானே, அவள் குடிக்கலாம், அவள் குடித்தால் குற்றமில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். யாரிடம் சொல்கிறோம் என்பதுதான் தெரியவில்லை.

அடைக்கலம் டம்ளரை மறுபடியும் நிரப்பி, இந்தத் தடவை அக்காள் முன்னால் நீட்டினாள்.

சந்தனமேரியின் கை மடியைவிட்டு எழவில்லை.

“இப்பத்தான் ஸ்கூல்ல குடிச்சேன். தாகமில்ல.”

உதடு வறண்டு வெடித்திருந்தது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

ஆண்டியப்பன் மிஷினிலிருந்தே சொன்னார். “சும்மா குடிங்க மதினி. இது ஒங்க சாமித் தண்ணியும் இல்ல, எங்க சாமித் தண்ணியும் இல்ல. முனிசிபாலிட்டி கொழாத் தண்ணி.”

மரிய செல்வி களுக்கென்று சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்காததால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வேணும்னா அழகி கையால குடுக்கச் சொல்றேன். சத்தியம் இவ கைக்குத்தானே…”

“நீங்க செத்தச் சும்மா இருங்க” என்றாள் அடைக்கலம். டம்ளரைத் தரையில் வைத்தாள். “எம்புள்ள கையால எதுக்கு? எனக்கென்ன கையா இல்ல?”

வந்த விஷயத்தை எங்கே தொடங்குவது என்று சந்தனமேரி தடுமாறினாள். மழையைப் பற்றிச் சொன்னாள். பஸ் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். வெயில் படியைவிட்டு இறங்கித் தெருவுக்குப் போய்விட்டதைப் பார்த்தாள். ஆபீஸ் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் மரிய செல்விதான் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள்.

“எனக்கு நாலாம் பாரத்துல எடம் கெடச்சிருக்கு சின்னம்மா. போர்டிங் இல்லையாம். நீங்க கார்டியன்னு கையெழுத்துப் போட்டா நான் இங்க தங்கிப் படிக்கலாம். இல்லாட்டி இன்னிக்கே வேற பிள்ளைக்குக் குடுத்துருவாங்களாம். நான் வீட்டு வேலையெல்லாம் செய்வேன். அழகிக்குப் பாடம் சொல்லித் தருவேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும்.”

“கையெழுத்துத்தானே, இந்தா போட்டுட்டு வந்துரு” என்று ஆண்டியப்பன் எழுந்தேவிட்டார். “ஒரு எலை கூடப் போட்டாக் கொறஞ்சா போயிரும்?”

அடைக்கலம் அசையவில்லை.

“மச்சானுக்குத் தெரியுமா அக்கா?”

“தெரியாது.”

“தெரிஞ்சா?”

“அது எம்பாடு. நான் பாத்துக்குவேன்.”

“அவரு கோவத்துக்கு நான் பயப்படல. திட்டிட்டுப் போகட்டும்.” அடைக்கலத்தின் குரல் இறங்கியது. “அக்கா, அன்னைக்கு நான் வாசல்லதான் நின்னேன். நீ சொன்னது அம்புட்டும் கேட்டுச்சு. பாஸ்காவுல நான் ஒரு வாய்ப் பானகம் குடுத்த அன்னைக்கே இவளுக்கு இழுப்பு வந்துச்சுன்னு இன்னாசி வந்து சொன்னான். அதுக்கப்புறம் நான் ஆவூர்ப் பக்கமே வாரதில்ல. எனக்குப் பயமா இருக்குக்கா.”

“பழசை விடு அடைக்கலம்.”

“எப்படி விடுறது? நீதான் இன்னும் விடலையே. என் கையால ஒரு டம்ளர் தண்ணி நீ வாங்க மாட்ட. ஒம்மக மூணு வேளையும் என் கையால திங்கணும். நாளைக்கு இந்தப் புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தா நான் டாக்டரைத் தேடி ஓடுவேனா, ஒஞ் சத்தியத்தை நெனச்சு நடுங்குவேனா? இவளுக்கு ஒண்ணுன்னா நீ யாரைச் சொல்லுவ? வாயால சொல்லாட்டியும் மனசுல என்னைத்தானே சொல்லுவ? அந்தப் பயத்தோட ஒரு புள்ளைக்கு நான் எப்படிக்கா சோறு போடுவேன்?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சந்தனமேரிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மரிய செல்விக்கு ஒன்றும் முழுசாகப் புரியவில்லை. ஆனால் தன் இடம் கைநழுவுகிறது என்பது மட்டும் புரிந்தது. ஊசி நூல் போட்டுத் தைத்த காகிதங்களை மடியில் அமுக்கிப் பிடித்தபடி தாயை நிமிர்ந்து பார்த்தாள். காய்ச்சலில் கண் செருகுவதற்கு முன்னாலும் அவள் அப்படித்தான் பார்த்தாள். சேசு மரி சூசையே என்று சந்தனமேரியின் உதடுகள் முணுமுணுத்தன. குடித்தால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ. குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது தெரியும்: தை மாதம், பரிசம், சிலோனுக்குக் கப்பல். ஒன்று தெரியாத பயம், மற்றது தெரிந்த பயம். இரண்டுக்கும் நடுவில் தரையில் அந்த டம்ளர் இருந்தது. மாவு மில் அதிர்வில் தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் ஓடின.

அவள் மகளை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள். இடது கையைத் தூக்கி, மழைக்கு மறைப்பதுபோல மகளின் தலைமேல் கவிழ்த்து வைத்தாள். உச்சிக்குழி இருந்த இடம் எப்போதோ மூடிப்போயிருந்தது. எண்ணெய் வைத்து வாரிய முடிக்கு அடியில் அது கெட்டியாக, வெயிலின் சூட்டோடு இருந்தது. வெறும் வெயில் சூடுதானா என்று அந்தக் கை ஒரு கணம் நின்று பார்த்தது.

பிறகு வலது கையை நீட்டினாள். தரையில் இருந்த டம்ளரை எடுக்கவில்லை. அதைத் தாண்டி, தங்கைக்கு முன்னால் நீட்டினாள்.

“அடைக்கலம், தொண்ட காயுதுடி. ஒங் கையால எனக்கு ஒரு வாய் தண்ணி குடு.”