மெதுவாகத்தான் வெளியே வருவோம்

பொழுது புலரும் முன்பே தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து, சேர்ந்திருந்த எண்ணெய்த் தண்ணீரைச் சீறவிட்டார் காற்றுக்காரர். ஆற்றின் நடுவே மிதவை. அதன்மேல் அவருடைய தகரக் கொட்டகை. கம்ப்ரசர் அதிர்ந்தால் கொட்டகை அதிரும், அவர் பல்லும் அதிரும். பெரிய சிலிண்டர் வெளிக்காற்றை உறிஞ்சி நசுக்கும். நசுங்கிய காற்று கொதிக்கும். தண்ணீர் சுற்றியோடும் குழாய்களுக்குள் சூடு தணிந்து, சின்னச் சிலிண்டரில் இன்னொரு முறை நசுங்கித் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து தடித்த குழாய் வழியே ஆற்றடிக்கு.

ஆற்றடியில், பாலத்தூணுக்கு அஸ்திவாரம் தோண்ட இறக்கியிருந்த இரும்புப் பெட்டிக்குள் எட்டுப் பேர் சேற்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்கு அடித்தகடு கிடையாது. தண்ணீர் உள்ளே ஏறாமல் தடுத்து நின்றது இவர் அனுப்பும் காற்று மட்டும்தான்.

இதற்கு முன்பும் அவர் கம்ப்ரசரோடுதான் பிழைத்தார். ஐஸ் பாக்டரியில் அமோனியாவை நசுக்கினார். கல்குவாரியில் துளைபோடும் கருவிகளுக்குக் காற்றுக் கொடுத்தார். ஆஸ்பத்திரி சிலிண்டர்களில் ஆக்சிஜன் அடைத்தார். அங்கெல்லாம் பிடிக்காவிட்டால் சுவிட்சை அணைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். இங்கே முடியாது. ஒன்றுக்குப் போனால்கூட ஓடிப்போய் ஓடிவருவார்.

குடியிருப்பதும் கான்ட்ராக்டர் கொடுத்த லைன் அறையில். வேலை போனால் அன்றைக்கே கதவில் பூட்டு விழும். அந்த அறையில்தான் மச்சினன், அவர் மனைவியின் தம்பி, இரண்டு முழங்காலையும் நீட்ட முடியாமல் கிடந்தான்.

அழுத்தத்தில் வேலை செய்கிறவன் ரத்தத்தில் காற்று கரைந்திருக்கும். ஏறி வரும்போது பெட்டியின் உச்சியில், தண்ணீருக்கு மேலே மிதவையை ஒட்டி இருக்கும் சின்ன இரும்பு அறையில் உட்கார்ந்து, அழுத்தத்தை மெள்ள மெள்ள இறக்க வேண்டும். அவசரப்பட்டால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தம் நுரைக்கும்; நுரை மூட்டுகளில் போய் அடைக்கும். வேலை பிந்துகிறது என்று அந்த நேரத்தைப் பாதியாக வெட்டினார் கான்ட்ராக்டர். போன வாரம் மச்சினன் உள்ளே இருந்தபோது அந்த அறையின் வால்வைத் தன் கையாலேயே முழுக்கத் திறந்துவிட்டதும் அவர்தான்.

நேற்றுச் சாயங்காலம், கீழே ஆள் இல்லாத இடைவேளையில் காற்றுக்காரர் மெஷினை ஓடவிட்டு அறைக்கு வந்தபோது, எட்டுப் பேரும் மச்சினனைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"ஸ்ட்ரைக்னா மெஷினை நிறுத்தணும். இவர் நிறுத்தினா முதல்ல நம்ம பாடைதான் கிளம்பும்," என்றான் நெட்டையன். உயரத்தால் பெட்டிக்குள் எந்நேரமும் குனிந்தே வெட்டுகிறவன் அவன். சிரிப்பு எழுந்து அடங்கியது.

தம்பியின் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமல் சொன்னாள். "எதுக்கு நிறுத்தணும்? நிதானமா ஏறி வாங்க. பழைய நேரம் முடியிற வரைக்கும் அந்த அறையிலேயே உக்காருங்க. உள்ள இருக்கிறவங்களை எவன் வந்து இழுக்கப்போறான்?"

"ஏறி இறங்குற வழியும் அந்த அறை ஒண்ணுதான்," என்றான் நெட்டையன் யோசனையோடு. "நாங்க உக்காந்தா அடுத்த செட்டு இறங்க முடியாது."

அந்த அறையின் காற்றை வெளியே விடும் வால்வு காற்றுக்காரர் பொறுப்பில்தான் இருந்தது.

வெளிச்சம் வந்தபோது எட்டுப் பேரும் மேலறைக்கு ஏறிக் கீழ்க்கதவை அடைத்துக்கொண்டார்கள். அவர் வால்வை இம்மி திறந்தார். காற்று நூலாகப் பிரிந்தது. படகில் அடுத்த செட்டோடு கான்ட்ராக்டர் வந்து இறங்கினார்.

"உள்ள என்ன அடைகாத்துக்கிட்டு இருக்காங்களா? திறய்யா வால்வை."

"நேரம் ஆகலைங்க."

"நான் சொல்றதுதான் நேரம்."

"பழைய நேரம் முடியட்டும்ங்க. உள்ள இருக்கிற அத்தனை பேரும் அதான் சொல்றாங்க."

கான்ட்ராக்டர் கை நீட்டினார். காற்றுக்காரர் வால்வை மறைத்து நின்றார்.

"உனக்கு வேலை இல்ல. கிளம்பு. இன்னிக்கே அறையைக் காலி பண்ணு."

"கிளம்புறேங்க. மெஷினை யார்கிட்ட ஒப்படைக்கட்டும்? உள்ள ஆள் இருக்கு. ஓட்டத் தெரிஞ்சவர் வந்து நிக்காம நான் நகரக் கூடாது."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இந்த இடத்தை விட்டு அவரால் போக முடியாது. அவரைத் துரத்தவும் யாராலும் முடியாது.

கான்ட்ராக்டர் அடுத்த செட்டின் மேஸ்திரி பக்கம் திரும்பினார். மேஸ்திரி எதிர்வார்த்தை பேசி அறியாத மனிதர். "நீ வந்து மெஷினைப் பாரு."

மேஸ்திரி இரும்பு அறையின் கண்ணாடி வழியே தெரிந்த முகங்களைப் பார்த்தார்.

"எனக்கு இந்த மெஷின் பழக்கமில்லைங்க."

வாரம் தவறாமல் அதற்கு எண்ணெய் போடுகிறவர் அவர். சொல்லிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார். கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்; பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

"அவங்க வர்ற மாதிரிதான் நாங்களும் ஏறி வருவோம்," என்றார் மேஸ்திரி. "அதுக்கு ஒத்துக்கிட்டா இறங்குறோம்."

"போலீஸோட வர்றேன்." படகு கான்ட்ராக்டரை ஏற்றிக்கொண்டு போயிற்று. மிதவையில் இருந்தவர்களுக்குக் கரைக்குப் போக வேறு படகு இல்லை.

காற்றுக்காரர் மனைவியை நினைத்துக்கொண்டார். இந்நேரம் பூட்டோடு ஆள் போயிருப்பான். அவளிடம் மாட்டப்போகிற அவனை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மச்சினனை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

நேரம் முழுதும் முடிந்தபின் கதவு திறந்தது. பலகையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து கைகொடுத்து இறக்கினார்கள். நெட்டையன் முழு உயரத்துக்கு நிமிர்ந்து, முழங்காலை மடக்கிப் பார்த்தான். "மடங்குது. நீளுது." எட்டுப் பேரும் மற்றவர்களோடு போய் உட்கார்ந்தார்கள்.

இப்போது கீழே ஒருவரும் இல்லை. ஆனாலும் காற்றுக்காரர் மெஷினை நிறுத்தவில்லை. தோண்டியது அவர்கள் உழைப்பு, அது மூழ்கக் கூடாது. மெஷினை ஓடவிட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வந்தார். மேஸ்திரி நகர்ந்து இடம் விட்டார்.

கரையிலிருந்து படகு திரும்பிக்கொண்டிருந்தது. அதில் நிறையத் தலைகள் தெரிந்தன. பலகையிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை.