தம்பி பள்ளியின் மதிப்பெண்கள்

கணக்கு வகுப்பில் ஒரு பெண் தூங்கினால், பாடம் புரியாமல் தூங்குகிறாளா, எல்லாம் தெரிந்து சலித்துப்போய்த் தூங்குகிறாளா என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். மாரிசெலா விஷயத்தில் எனக்கு அது தெரிவதற்குள் அக்டோபர் பிறந்துவிட்டது.

"என்னம்மா, ராத்திரி முழுக்க போன் நோண்டினியா?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். இதெல்லாம் போன வருஷமே எங்க பழைய ஸ்கூல்ல முடிச்சாச்சு."

பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "சூப்பர்மார்க்கெட் ஸ்கூல்தானே? அங்க மார்க்கெல்லாம் தள்ளுபடியில குடுப்பாங்க!" வகுப்பே சிரித்தது. மாரிசெலா மட்டும் மறுபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அன்று மாலை அவளை உட்கார வைத்து, மேல்வகுப்பு வடிவியல் தாள் ஒன்றைக் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் முடித்துக் கொடுத்தாள். ஒரு தப்பு. அதுவும் அவசரத்தில் விட்ட கழித்தல் குறி.

அவளை அடிமட்ட வகுப்பில் போட்டது யார் என்று கேட்டுக்கொண்டு எலொய்சா டஃபோயாவிடம் போனேன். எங்கள் ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் மாவட்ட அலுவலகத்தில் தேர்வு விவரங்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. எனக்குப் பல வருடத் தோழியும்கூட.

"யாரும் போடல ரமோனா, தானா நடக்குது," என்றாள். "அவ எட்டாவது வரைக்கும் படிச்சது சார்ட்டர் ஸ்கூல். காசு அரசாங்கத்தோடது, நிர்வாகம் அவங்களோடது. அனுமதி குடுக்கறது மாநிலம். நமக்கும் அவங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஒவ்வொரு பிள்ளையும் எதுல கெட்டி, எதுல மட்டம்னு நம்மகிட்ட ஒரு விவரமும் கிடையாது. தெரியாத பிள்ளைன்னா அடி வகுப்பு. அதான் வழக்கம்."

"கேட்டு வாங்கலாமே?"

"யார்கிட்ட? அன்செல்மோகிட்டயா?" என்று சிரித்தாள். அந்தப் பள்ளியை நடத்தும் அன்செல்மோ அவளுடைய தம்பி.

அவனும் ஒரு காலத்தில் எங்களோடு வேலை பார்த்தவன்தான். சண்டை போட்டுக்கொண்டு வெளியேறி, மூடிக்கிடந்த சூப்பர்மார்க்கெட் ஒன்றில் பள்ளியைத் தொடங்கினான். தொடக்கத்தில் மதிப்பெண்களைத் தானாகவே மாவட்டத்துக்குக் கொடுத்தான். கல்விக் குழுத் தலைவர் ஹாலிஸ்டர் அவற்றைக் கூட்டத்தில் உரக்கப் படித்து, மக்கள் பணம் பாழாகிறது என்றார். மறுநாள் பத்திரிகையிலும் வந்தது. அந்தப் பிள்ளைகள் அவனிடம் வரும்போதே இரண்டு வகுப்புப் பின்தங்கித்தான் வந்தார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாத்திய கதவை அவன் பிறகு திறக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எலொய்சா வீட்டில் சாப்பாடு. என்னையும் கூப்பிட்டிருந்தாள். போசோலே என்ற, சோளமும் கறியும் போட்ட சூப்புப் பாத்திரத்தை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அன்செல்மோ, உன் பிள்ளைங்களோட மார்க் விவரம் வேணும்டா."

"அக்காவா கேக்கறியா, ஆபீசா கேக்கறியா?"

"ஆபீசா."

"ஆபீசுக்கு பதில், முடியாது. அக்காவுக்கு பதில், போசோலே பிரமாதம். இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."

நான் மாரிசெலாவைப் பற்றிச் சொன்னேன். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"மாரிசெலாவையா? அவளையா அடி வகுப்புல போட்டீங்க? கணக்குல அவள அடிச்சிக்க இந்த ஊர்லயே ஆள் கிடையாது!"

"அது உனக்குத் தெரியும். எங்களுக்கு எப்படிடா தெரியும்?" என்றாள் எலொய்சா. "நீ கதவ சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருக்க. வெளிய நிக்கறது உன் பிள்ளைங்கதான்."

"குடுத்தா மறுபடியும் பேப்பர்ல போட்டு மானத்த வாங்குவானுங்க."

"அப்ப நான் இந்த வேலையில இல்ல. இப்ப இருக்கேன்."

"அத எழுத்துல குடு, பாக்கலாம்," என்றான்.

எலொய்சா ஒரு ஒப்பந்தம் எழுதினாள். பிள்ளைகளைச் சரியான வகுப்பில் சேர்க்கவும், எங்கே எது நன்றாகச் சொல்லித்தரப்படுகிறது என்று பார்க்கவும் மட்டுமே மதிப்பெண்களைத் தொடலாம். பெற்றோர் சம்மதம் வேண்டும். ஒரு பிள்ளை சேரும்போது இருந்த இடத்திலிருந்துதான் அதன் முன்னேற்றத்தை அளக்க வேண்டும். பிள்ளை பெயரோடு எதுவும் வெளியே போகக்கூடாது. பள்ளியை மூட வைக்க இதைப் பயன்படுத்தவும் கூடாது.

கல்விக் குழுக் கூட்டத்தில் ஹாலிஸ்டர் கண்ணாடியை மூக்குவரை இறக்கிக்கொண்டு கேட்டார்: "தம்பி பள்ளிக்கு வேலி கட்டித் தர்றீங்களா, மிஸ் டஃபோயா?"

"தம்பிதாங்க, இல்லன்னு சொல்லல," என்றாள். "ஆனா அந்தப் பிள்ளைங்க இந்த ஊர்ப் பிள்ளைங்க. எட்டாவது வரைக்கும் அவன் பிள்ளைங்க, ஒன்பதாவது வந்தா நம்ம பிள்ளைங்களா? இடையில ஒரு கோடைக்காலம் மட்டும் யார் பிள்ளைங்க?"

அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஒப்பந்தம் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தேறியது.

அடுத்தது அன்செல்மோ பள்ளியில் பெற்றோர் கூட்டம்; படித்து முடித்துப் போன பிள்ளைகளின் பெற்றோரும் வந்திருந்தார்கள். மாரிசெலாவின் அப்பா எர்மினியோ, வெல்டிங் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். "எங்க பிள்ளைங்க மார்க்க வெச்சு எங்களையே அசிங்கப்படுத்தின ஆளுங்க நீங்க. இப்ப எந்த மூஞ்சியோட வந்து கேக்கறீங்க?"

எலொய்சா அசரவில்லை. "உங்க பொண்ணு எங்க மாவட்ட ஸ்கூல்ல, தெரிஞ்ச பாடத்தக் கேட்டுத் தூங்கிக்கிட்டிருக்கா சார். அவள எழுப்பணும். அதுக்குத்தான் வந்தேன்."

"கணக்கு புக்க எடுத்தா அவ வீட்ல தூங்கறதே இல்லையே!" என்ற எர்மினியோ பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசை கட்டினார்கள். பின்சுவரில் சாய்ந்து நின்றிருந்த அன்செல்மோ, எல்லாருக்கும் கடைசியாக வந்து தன் கையெழுத்தைப் போட்டான்.

மாரிசெலா ஜனவரியில் வடிவியல் வகுப்புக்கு மாறினாள். அவளோடு இன்னும் சிலரும் மாறினார்கள். என் வகுப்பில் ஓர் அழகான வெற்றிடம் விழுந்தது.

வசந்த காலக் கூட்டத்தில் எலொய்சா முடிவுகளைப் படித்தாள். ஒலிவாங்கி முன் அவள் எப்போதும் வேகமாகப் பேசுவாள். அன்று நிதானமாகப் பேசினாள். "கணக்குல அந்த ஸ்கூல் பிள்ளைங்க நம்மள விட வேகமா முன்னேறியிருக்காங்க. ஏறக்குறைய எல்லா வகுப்புலயும். வாசிப்புல நாம முன்னாடி இருக்கோம். அவங்க தேங்கியிருக்காங்க."

ஹாலிஸ்டர் தாளைப் புரட்டினார். இன்னொருமுறை புரட்டினார். "இந்தக் கணக்கு விவரம் சரிதானா?"

"மூணு தடவ பாத்துட்டேன்."

அப்போது பார்வையாளர் வரிசையில் அன்செல்மோ எழுந்தான். சண்டைக்குத்தான் எழுகிறான் என்று நினைத்து நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"வாசிப்புல நாங்க பின்னாடிதான் இருக்கோம்," என்றான். "எங்களுக்கே உள்ளூர தெரியும். உங்க வாசிப்பு டீச்சருங்க யாராவது வந்து சொல்லித் தந்தா, கணக்கு எப்படி நடத்தறோம்னு நாங்க காட்டறோம். கதவு திறந்தே இருக்கு."

முதலில் கைதட்டியது எர்மினியோ. அப்புறம் அரங்கு முழுவதும். ஹாலிஸ்டர்கூட இரண்டு தட்டு தட்டினார், மெதுவாக.

ஏப்ரலில் நானும் எலொய்சாவும் அந்தப் பள்ளியின் ஏழாம் வகுப்பில், பின்வரிசைக் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பிள்ளைகள் ஒருவர் கணக்கை ஒருவர் குறுக்கே விழுந்து திருத்தினார்கள். ஆசிரியை வாயே திறக்கவில்லை. நான் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தேன். எலொய்சா எதையும் எழுதவில்லை. பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது காரில் சொன்னாள்: "சின்ன வயசுலேருந்து அவன் ஒரு தப்பக்கூட ஒத்துக்கிட்டதில்ல. அன்னிக்கு ஊருக்கு முன்னாடி எழுந்து நின்னு ஒத்துக்கிட்டான் பாத்தியா?"

"நம்ம ஸ்கூல் கணக்குல பின்னாடின்னு நீயும்தான் மைக்ல சொன்ன."

"சொன்னேன்தான்!" என்றாள் எலொய்சா, முதுகை நிமிர்த்தி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. "எங்க வீட்டுல யாரும் வாய மூடிக்கிட்டு இருக்கறவங்க இல்ல."