சூடு பிடித்த வைக்கோல்

அலை கட்டுமரத்தைக் கவிழ்த்துச் செபஸ்தியானின் காலை முறித்தது. எலும்பு கூடிவிட்டது, இனி நடந்தால்தான் கால் பழையபடி சரியாகும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ஆனால் கோலூன்றிக் கீழே போனால் நாலு பேர் பார்ப்பார்களே! பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டின் மூன்றாம் மாடியில் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தபடியே கிடந்தான்.

அவனை எப்படியாவது எழுப்பிவிட வேண்டும் என்று மனைவி அந்தோணியம்மாளுக்கு ஒரே தவிப்பு. ராஜா அண்ணாமலைபுரத்தில் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் சீதா, மொட்டைமாடியில் மண்ணே இல்லாமல் வைக்கோல் கட்டின் மேலேயே தக்காளி வளர்த்தாள். அதைப் பார்த்து வந்த அந்தோணியம்மாள், மாட்டுக்கொட்டகைப் பொன்னுரங்கத்திடம் ஒரு வைக்கோல் கட்டு வாங்கி வந்து வராந்தாவில் போட்டாள்.

"இன்னாம்மே, வூட்டுக்கு மாடு வருதா?" படுத்தபடியே கேட்டான் அவன்.

"நீதான் கீறியே, வேற மாடு எதுக்கு? இதுல தக்காளி வைக்கப் போறேன்யா."

செபஸ்தியான் ஓரக்கண்ணால் பார்த்தான். "இதுக்குப் பேரு கட்டா? தும்முனா அவுந்துக்கும்." தவழ்ந்து வந்து, வலைக்கயிற்றால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினான்.

அந்தோணியம்மாள் கண்டுகொள்ளாத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தினமும் தண்ணீர் ஊற்றி, யூரியா தூவினாள். வைக்கோல் உள்ளே புழுங்கிச் சூடாகும், அடங்கிய பிறகு நாற்று நட வேண்டும் என்று சீதா சொல்லியிருந்தாள். பத்துப் பன்னிரண்டு நாளில் மேலே சூடு குறைந்ததும் நட்டாள். அடியில் கொஞ்சம் வெதுவெதுப்பு இருக்கத்தான் இருக்கும், அது நாற்றுக்குக் கெடுதல் இல்லை. அதைப் புருஷனிடம் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் அவள் வியாபாரம் முடிந்து வந்தபோது வராந்தாவெல்லாம் ஈரம். செபஸ்தியான் கட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"உள்ள கைய வுட்டுப் பாத்தேன்மே. கொதிக்குது! ஜுரம் வந்த புள்ள மாதிரி. நல்லவேள, மீன் பொட்டியில ஐஸ் தண்ணி இருந்துச்சு. மொத்தமா ஊத்திட்டேன்."

அவள் கட்டைத் தொட்ட விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். மீன் கெடாமலிருக்கக் கல்லுப்பு போட்ட ஐஸ் அது. உருகிய தண்ணீர் முழுக்க உப்பு.

ரெண்டே நாளில் நாற்றெல்லாம் சுருண்டு விழுந்தன.

"நாந்தான் சாவடிச்சேனா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. இத்தனை மாதத்தில் இந்தக் கட்டு ஒன்றுக்காகத்தான் அவன் தானாக எழுந்து வந்திருந்தான். ஆனால் பொய் சொல்லிக் குழந்தை மாதிரி ஏமாற்ற மனசு வரவில்லை.

"ஆமாய்யா. உப்புத் தண்ணி."

அவன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று அவள் நினைத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் எழுந்து உட்கார்ந்தான். "இந்தக் கட்ட யாரு குடுத்தா?"

"பொன்னுரங்கம்."

"பொம்பள கேட்டா அடியில கெடந்து மக்குன கட்டத்தான் தள்ளி வுடுவான், களவாணி. சட்டய எடு, நானே பாத்து வேற கட்டு வாங்கியாறேன்."

கோலை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினான். ரெண்டாவது மாடியில் குடியிருக்கும் காவேரியின் குரல் கேட்டது. "இன்னா மாமா, எங்க கெளம்பிட்ட?"

"தோட்ட வேல கீதும்மா."

அந்தோணியம்மாள் கூடப் போகத்தான் செருப்பை மாட்டினாள். அவன் திரும்பிப் பார்த்து, தன் பின்னால் ஆள் வருவதைக் கண்டால்? செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.